என் தோள் உயரத்தில் தந்தூரி அடுப்பு

மார்ச் 3, திங்கள்

இன்றும் மாத்திரை டப்பாவில் காலைக்கான அறை காலியாகவில்லை. கேட்டால், இவர் "போட்டுட்டேனே" என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். "அப்போ நேத்து போட்டதுதான் ஞாபகத்துல இருக்கு போல" என்று சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

இதய அறுவை சிகிச்சை முடிந்து இவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இதுதான் உத்தியோகம். குனியாதீங்க. தூக்காதீங்க. வேகமா நடக்காதீங்க. உப்பைத் தொடாதீங்க. பள்ளியில்கூட ஒரு நாளில் இத்தனை 'கூடாது' நான் சொன்னதில்லை. அங்கே நாற்பது பிள்ளைகள், இங்கே ஒருவர்தான். ஆனால் அந்த நாற்பது பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மகன் பேசினான். அவன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி இது எத்தனையாவது முறையோ. பதினோராவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, கீழேயே மருந்துக்கடை, அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி. ஓர் அறையை எங்களுக்கென்று காலி செய்து வைத்திருக்கிறார்களாம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். இவர், "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"அம்மா, நீதான் அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வைக்கணும்."

"சரிப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 6, வியாழன்

யாரோ ஒருவர் மண் பிசைகிற காணொளியை இவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசுகிற மொழி இவருக்குத் தெரியாது. ஆனாலும் சத்தத்தை முழுசாக வைத்துத்தான் பார்க்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

விஷயம் வெளியே வந்துவிட்டது. காலை டிபனுக்கு உட்கார்ந்ததும், "டீச்சர், கொல்லைப்பக்கம் ஒரு தந்தூரி அடுப்பு கட்டப் போறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். காரியம் ஆக வேண்டுமென்றால் அந்த 'டீச்சர்' கொஞ்சம் நீளும். இன்று நன்றாக நீண்டது.

இவர் குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கிறவராக இருந்தவர். வேலை நாளெல்லாம் அடுத்தவர்கள் வாசலுக்குள் நுழைந்து, மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வருவதுதான் வேலை. சொந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. காலண்டர் அட்டை மாட்டவே பக்கத்து வீட்டு வெல்டரைத்தான் கூப்பிடுவோம்.

"அடுப்பா? நீங்களா?"

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு பழைய எண்ணெய் டிரம். அதுக்குள்ள பெரிய மண்பூந்தொட்டி ஒண்ணை, அடியை வெட்டிட்டுக் கவுத்து வைக்கணும். நடுவுல இருக்கற சந்துல மணலைக் கொட்டணும். அவ்வளவுதான். டிரம்முக்கு வெல்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"மணலை யார் கொட்டறது?"

இவர் டிபன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓ. சரி.

மார்ச் 14, வெள்ளி

ஆமாம், நான்தான். வாசலில் இறக்கிய செங்கல்லைக் கொல்லைக்குச் சுமந்தேன், ஒரு நடைக்கு இரண்டு கல். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்தபடி உட்கார்ந்து மேற்பார்வை.

"இன்னும் கொஞ்சம் இடது... இடதும்மா."

"இடதுலதான் வச்சிருக்கேன்."

"என் இடது!"

எத்தனையோ ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். இவரைப் போல மோசமான ஒருவரைப் பார்த்ததில்லை. பிள்ளை தப்புப் பண்ணுவதற்கு முன்பே திட்டுகிறவர்கள் ஒரு வகை உண்டு, அந்த வகை. கணக்கைப் போட விடுவதில்லை, பென்சில் தாளைத் தொடும்போதே 'ச்சூ' என்பார்கள். அந்தப் பிள்ளை பிறகு எங்கே கணக்குப் போடும்?

வெல்டர் வந்து டிரம்மின் மேல்பக்கத்தை அறுத்து, கீழே காற்றுக்காக ஓர் ஓட்டை போட்டுக்கொடுத்தார். அவர் மனைவி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ரிட்டையர் ஆனதும் சித்தாள் வேலைக்குச் சேந்துட்டீங்களா? எங்க வீட்லயும் கொஞ்சம் வேலை கிடக்கு, வரீங்களா?" என்றாள். இவர் அங்கிருந்தே, "அவங்க ரொம்ப மெதுவும்மா, உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்கிறார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மாடிக் காக்கா பறந்துவிட்டது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இன்று இவர் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்ளவே இல்லை. இரண்டு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் வலது தோள்தான் விண்விண் என்கிறது.

மார்ச் 17, திங்கள்

அடுப்பைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும். எனவே செங்கல்லில் மேடை கட்டி அதன்மேல் வைக்கவேண்டும் என்றார். நல்ல யோசனைதான். நிமிர்ந்து நின்று, முழங்கையை மடித்து, தரையிலிருந்து அதுவரைக்கும் அளக்கச் சொன்னார். நான் டேப்பைப் பிடித்தேன், இவர் எண்ணைப் படித்தார். மீட்டர் படித்த வாய், கணீரென்று வந்தது.

"குனியக் கூடாதுன்னு நீதானே சொன்ன? அதான்."

என் பேச்சைக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இவர் நல்ல உயரம். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மேடை முடிந்தது. டிரம் ஏறியது. பூந்தொட்டியை உள்ளே கவிழ்த்து, சுற்றிலும் மணலும் உடைத்த செங்கல்லும் போட்டு நிரப்பினேன். டிரம்மைச் சுற்றி வெல்டர் ஒரு வரிசை செங்கல் வைத்துச் சிமென்ட் பூசினார். மகன் வீடியோவில் கூப்பிட்டான். இவர் போனைத் திருப்பிக் காட்டினார்.

"அப்பா, இதை எப்படிப்பா இங்க கொண்டு வர்றது? எங்க பால்கனி தாங்காதே!"

"இது நகராதுப்பா" என்றார் இவர். "சிமென்ட் போட்டாச்சு."

அதைச் சொன்னபோது இவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகளில் இரண்டு விதம். ஒன்று, விடை தெரியாததுகள். இன்னொன்று, விடை தெரியும், ஆனால் சொன்னால் டீச்சருக்குப் பிடிக்காது என்று தலையைக் குனிந்து நோட்டின் ஓரத்தில் படம் போட்டுக்கொண்டிருப்பது. மகன் வாரா வாரம் கேட்கிற கேள்விக்கு இவர் பதில் சொல்லிவிட்டார், செங்கல்லிலும் மணலிலும். அந்தச் செங்கல்லைச் சுமந்தது யார்? நானேதான்.

இப்போது நான் எழுதப்போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எனக்குப் போக வேண்டும். மகன் முதல் தடவை கூப்பிட்ட அன்றே மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். இந்த வீட்டு மோட்டாரை இனி என்னால் தட்டித் தட்டி ஓடவைக்க முடியாது. மழை பெய்தால் சமையலறையில் வாளி வைக்க முடியாது. அன்றைக்கு இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது வண்டி கிடைக்காமல் தெருமுனையில் நின்று கத்தினேனே, அதை இன்னொரு தடவை என்னால் செய்ய முடியாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே கழித்த அந்த ராத்திரிகளின் அசதியே இன்னும் போகவில்லை. எனக்குத் தூங்க வேண்டும். அவ்வளவுதான். எனக்குத் தூங்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லையே. மகன் என்னை அப்பாவிடம் பேச அனுப்புகிறான், இவர் போனை என்னிடம் நீட்டுகிறார். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவளுக்கு யார் விடைத்தாள் கொடுக்கிறார்கள்?

மார்ச் 23, ஞாயிறு

உள்பக்கம் உப்புத் தண்ணீர் பூசிக் காயவிட்டு, இன்று முதல் தீ. நாலு சுள்ளி மட்டும். நாளை கொஞ்சம் கூட, மறுநாள் இன்னும் கூட. எடுத்த எடுப்பில் பெரிய தீ போட்டால் மண் வெடித்துவிடுமாம். மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிக்கப் பொறுமை இல்லாத மனிதர், ஒரு பூந்தொட்டிக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மயிரிழை போல ஒரு கீறல் விட்டது. பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். ஈர மண்ணைக் குழைத்து அதில் தடவி, கீறலோடு ஏதோ பேசினார். இவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. அதுதான் தொல்லை.

மார்ச் 25, செவ்வாய்

தோள். எழுத முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மறுபரிசோதனை. எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இவர் சும்மா இருக்காமல் டாக்டரிடம் அடுப்பின் படத்தைக் காட்டினார். டாக்டர் சின்ன வயசுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார். ஆனா நீங்க இது பக்கத்துல போகக் கூடாது" என்றார். புகை கூடாது, முகத்துக்கு நேராக அந்தச் சூடு கூடாது, இந்த வருஷம் முழுக்க.

ஆட்டோவில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது, "டீச்சர்ர்ர்" என்றார். நீண்டது.

"ரொட்டியை நீ போடேன்."

ஏப்ரல் 2, புதன்

இன்று ஒத்திகை. மணல் கொட்டியபோது மேடைமேலேயே ஏறி நின்றதால் உயரம் தெரியவில்லை. தரையில் அடுப்பின் முன் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன், அதன் வாய் என் தோளுக்கு வருகிறது. இவர் முழங்கைக்கு அளந்தது. உள்ளே பார்க்கவேண்டுமென்றால் நான் எக்க வேண்டும். சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறி நின்றேன். அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை.

பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த திண்டின்மேல் மாவைப் பரப்பி, அதன் மேல்பக்கம் தண்ணீர் தடவி, கையை உள்ளே விட்டுச் சுவரில் அறைய வேண்டும். கேட்க எளிது. முதல் ரொட்டி நேராகச் சாம்பலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"சுவர் இன்னும் கறுப்பா இருக்கு, அதான். கரி எரிஞ்சு வெளுக்கணும், அப்பதான் ஒட்டும்" என்று நாற்காலியிலிருந்து குரல். நாற்காலி பத்தடி தள்ளி, டாக்டர் சொன்னபடி.

இரண்டாவது ஒட்டியது, எடுக்க வரவில்லை. மூன்றாவதைப் போடுவதற்குள் கை முடி பொசுங்கி நாறியது.

"வேகமா அறையணும்! நீ என்ன, தடவிக் கொடுக்கற?"

"நாப்பது பிள்ளைங்களை அறையாமலே வளர்த்தவ நான். இப்ப ரொட்டியை அறையச் சொன்னா?"

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலாவது ரொட்டி உப்பி, ஓரம் முறுகி, அங்கங்கே கறுத்து வந்தது. ஆளுக்குப் பாதி. இவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

ஞாயிறு மதியத்துக்கு மகனையும் மருமகளையும் வெல்டர் வீட்டாரையும் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகு என்னிடம் சொன்னார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது.

மாவு நான் பிசைந்தேன். தீ நான் போட்டேன். எல்லாரும் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் மகனுக்குக் காற்று ஓட்டையைப் பற்றி, மணலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல்மேல். ஆறு ரொட்டி நன்றாக வந்தது, ஏழாவதுக்குக் கையை விட்டபோது அந்தக் குட்டைக் கால் ஆடியது. நான் விழவில்லை. கை அடுப்பின் விளிம்பில் அழுந்திவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும்.

மகன் ஓடிவந்தான். மருமகள் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று என்ன சொன்னார் தெரியுமா?

"நான் அப்பவே சொன்னேன், கையை நேரா விடாதன்னு."

என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் வகுப்பில்கூட அப்படிக் குரல் உயர்ந்ததில்லை.

"இந்த அடுப்பு யார் உயரத்துக்குக் கட்டினது? சொல்லுங்க. கட்டும்போது என்னை ஒரு தடவை பக்கத்துல வந்து நிக்கச் சொன்னீங்களா? கல் தூக்க நான் வேணும், மணல் கொட்ட நான் வேணும், ரொட்டி சுட நான் வேணும். அளக்க மட்டும் நான் வேணாம்!"

மகன், "அம்மா, விடும்மா" என்றான். அதுதான் தப்பு.

"நீ மட்டும் என்ன? அப்பாவைச் சம்மதிக்க வை, அப்பாவைச் சம்மதிக்க வைன்னு வாரா வாரம் சொல்றியே. அம்மா, நீ வரியான்னு ஒரு நாள் கேட்டியாடா?"

என் கையைப் பிடித்திருந்த மருமகள் மெதுவாக, "அத்தை, நீங்க வரீங்களா?" என்றாள்.

"வரேன்" என்றேன்.

உள்ளே ஏழாவது ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று நான் நினைவூட்டவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படிக் கத்தியிருக்க வேண்டாமோ? வெல்டர் வீட்டுக்காரர்கள் முன்னால்? கத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா?

மதியம் நான் ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். டேப்பின் நுனி என் முழங்கையைத் தொட்டது. தரையிலிருந்து அதுவரை அளந்தார். எண்ணைச் சத்தமாகப் படிக்கவில்லை. போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்

வெல்டரைக் கூப்பிட்டு அடுப்பின் முன்னால் செங்கல்லில் ஒரு படி கட்டவைத்திருக்கிறார். அகலமான படி, ஆடாது. ஏறி நின்று பார்க்கச் சொன்னார். நின்றேன். அடுப்பின் வாய் சரியாக என் முழங்கைக்கு வந்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

விடை சரிதான். ஆனால் நான் கேட்ட கேள்விகளில் சுலபமானதற்கு மட்டும் எழுதியிருக்கிறார்.

"படி நல்லா இருக்கு" என்றேன். "நான் வெள்ளிக்கிழமை கிளம்பறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலங்க."

ஏப்ரல் 11, வெள்ளி

மகன் வண்டியோடு வந்துவிட்டான். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டேன். மதியச் சாப்பாடு வெல்டர் வீட்டிலிருந்து வரும். சாயங்காலம் மகன் வந்து பார்த்துக்கொள்வான், ராத்திரியும் அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறான். இவர் கேட் வரைக்கும் வந்தார். "கைக்கு மருந்து எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். உண்மையில் அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தூங்கினேன். எழுந்தேன். சாப்பிட்டேன். மறுபடி தூங்கினேன். மருமகள் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "அத்தை தூங்கறாங்க" என்று சொன்னாளாம். ஏதோ பதவி மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

இவரிடமிருந்து போன். எடுத்ததும் முதல் வார்த்தை, "மாத்திரை போட்டாச்சு."

"நான் கேக்கலையே."

"கேப்பியேன்னு சொன்னேன்."

வெல்டர் மனைவி இப்போது எங்கள் அடுப்பில் ரொட்டி போடுகிறாளாம். அவளும் என் உயரம்தான். படி அவளுக்கும் சரியாக இருக்கிறதாம். "உன்னைவிட நல்லா அறையறாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

தூக்கம் இன்று அவ்வளவாக வரவில்லை. இவரை அங்கே விட்டுவிட்டு இங்கே எத்தனை நாள்? திரும்பிப் போனால் அதே மோட்டார், அதே வாளி. போகாவிட்டால் ஆளுக்கொரு வீடு. இந்த வயசிலா? விடை தெரியாத கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அடுத்த கணக்கு என்று ஒன்று இருந்தால்தானே.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் இவர். பின்னால் மகன், பைகளோடு. வருகிறார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"லிஃப்ட்ல ஒரு பட்டன் எரியல. யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு பையில் துணியில் சுற்றிய ரொட்டிகள், காலையில் வெல்டர் மனைவி சுட்டுக் கொடுத்தது. வருகிற வழியில் ஆறி சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அடுப்பை அவளிடமே ஒப்படைத்துவிட்டாராம், வீட்டு வாடகைக்கு வெல்டரின் தம்பி கேட்டிருக்கிறாராம். அதை லிஃப்ட் பட்டனைச் சொன்ன அதே குரலில் சொன்னார். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே, எங்கேயோ கீழே இருந்தது.

இன்னொரு பையை அவரே பிடித்திருந்தார், மகனிடம் கொடுக்கவில்லை. அதில் அவருடைய தலையணை. வேறு தலையணையில் இவருக்குத் தூக்கம் வராது. ஆனாலும் போகிற வீடுகளுக்கு இவர் அதைக் கொண்டுபோனதே கிடையாது, புரண்டு படுத்து ஒரு ராத்திரியை ஓட்டிவிட்டு மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்.

அறையைக் காட்டினேன். கட்டிலின் முன்னால் தலையணையை அணைத்துக்கொண்டு நின்றார். இளைத்துத்தான் போயிருக்கிறார். வைத்துவிட்டு உட்காருவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"உனக்கு எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டார்.

"ஜன்னல் பக்கம்" என்றேன்.